கவட்டைக் கம்பத்தின் கீழே

தினமும் காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் வரை போய், சாயங்காலம் அதே ரயிலில் திரும்பி வருகிறவன் நான். இத்தனை வருஷத்தில் தலைக்கு மேலே ஓடும் கம்பியை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. ரயிலில் உட்கார இடம் கிடைத்தவன் தூங்குவான். கிடைக்காதவன் உட்கார்ந்திருப்பவனை முறைப்பான். மேலே பார்க்கிறவன் பக்தனாக இருப்பான், அல்லது பையில் இருப்பதைப் பறிகொடுக்கப் போகிறவனாக இருப்பான்.

அப்படிப்பட்ட என்னை, திரு-கொச்சி ராஜ்யத்தின் தென்கோடியில் ஒரு வயல்வெளியில் நிற்கும் மின்சாரக் கம்பங்களைப் பார்த்து, அவை ரயிலுக்கு நட்டவையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வர அனுப்பினார்கள். அனுப்பியவள் என் அக்காள்.

அவள் மகன் நடராஜன் எழும்பூரில் ரயில்வே குமாஸ்தா. அவனுடைய காலஞ்சென்ற தகப்பனார் நாஞ்சில் நாட்டுக்காரர். அந்த உறவில் நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன பையன், பகவதி என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தான். அதன் பிறகு கொஞ்ச காலம் காபியில் உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் குடித்துவிட்டுப் போனான். பெண்ணுக்கும் சம்மதம். பெண்ணின் தகப்பனார் தாணுவ பிள்ளைக்கும் சம்மதம். தாயார் உமையம்மைக்கு மட்டும் ஓர் ஆட்சேபம்.

தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். மெட்ராஸிலிருந்து வரும் ரயில் திருநெல்வேலியோடு நின்றுவிடுகிறது, அங்கிருந்து பஸ். வயிற்றுப் பிள்ளையோடு என் மகளை அந்தப் பஸ்ஸில் ஏற்றிக் குலுக்கமாட்டேன், ஆகையால் ரயில் இல்லாத தூரத்தில் பெண் கொடுக்கமாட்டேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். ரயில்வேயில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்கு ரயில் இல்லாத குறையினால் பெண் இல்லை என்றாகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் அவர்கள் வயலில் கம்பங்கள் முளைத்தன. சாதாரணக் கம்பங்கள் அல்ல; ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால். தாணுவ பிள்ளை ஒரு காலத்தில் காசிக்குப் போனவர். போகிற வழியில், தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் நடுவே, இரண்டு கால் கம்பங்களின் இடுக்கில் மின்சார ரயில் ஓடுவதை ஜன்னல் வழியாகக் கண்டவர். ஊரில் அதைக் கண்டவர் அவர் ஒருவரே. எனவே இரண்டு கால் கம்பம் வந்தால் பின்னாலேயே ரயில் வரும் என்று அவர் சொன்னபோது மறுத்துப் பேச ஆள் இல்லை. உமையம்மை மட்டும், விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்து ஆமாம் என்று சொல்லட்டும், உடனே நிச்சயம் பண்ணிவிடலாம் என்றார்.

விவரம் தெரிந்தவன் என்று அக்காளுக்கு அகப்பட்டவன் நான். தினமும் அந்த ரயிலில்தானே போகிறாய் என்றாள். தினமும் சாப்பிடுகிறேன் என்பதற்காக என்னைச் சமைக்கச் சொன்னால் எப்படி என்று கேட்டுப் பார்த்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "வரும்னு சொல்லிட்டு வா" என்றாள். பார்த்துவிட்டு வா என்று சொல்லவில்லை என்பதை ரயில் செங்கல்பட்டைத் தாண்டிய பிறகுதான் கவனித்தேன்.

புறப்படுவதற்கு முன் நூல்நிலையத்தில் மின்சார ரயிலைப் பற்றி ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினேன். படம் இருந்த பக்கங்கள் விளங்கின. ரயில் தொட்டுக்கொண்டு போவது ஒற்றைக் கம்பி; அதைத் தாங்கிப் பிடிக்க மேலே இன்னொன்று; இரண்டும் பாதைக்கு நேர் மேலே, தணிவாக ஓடும். ஊர்களுக்கும் ஆலைகளுக்கும் போகும் மின்சாரமோ மூன்று கம்பிகளில், உயரத்தில் போகும். இவ்வளவுதானே, போய் எண்ணிப் பார்த்துவிட்டு மறு பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வரை எண்ணத் தெரிந்தவனின் கர்வம்.

திருநெல்வேலி வரை மேல் பெர்த்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனேன். அந்தச் சுகம் பஸ்ஸில் ஏறியதும் தீர்ந்தது. எனக்கு முன் வரிசையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவள் தாயாரும். பள்ளம் வரும்போதெல்லாம் தாயார் மகளின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பைய... பைய..." என்று டிரைவரின் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். டிரைவருக்கு முதுகில் காது இல்லை. மெட்ராஸில் பிடிவாதமாகத் தோன்றிய உமையம்மையின் ஆட்சேபம் வள்ளியூர் தாண்டியதும் நியாயமாகத் தோன்ற ஆரம்பித்தது. இது என் காரியத்துக்கு நல்லதில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று. காற்று என்றால் மெட்ராஸில் மாலை வேளையில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுப் போகிறதே, அது அல்ல. பஸ்ஸின் மேலே மூட்டைகளை மூடிக் கட்டியிருந்த தார்ப்பாய் அவிழ்ந்து பறந்து போய் ஒரு முள்மரத்தில் உட்கார்ந்துகொண்டது. பஸ் நின்றது. ஆண்கள் எல்லாரும் இறங்கி அதன் பின்னால் ஓடினோம். நான் தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்தேன்; கொஞ்ச நேரம் தார்ப்பாய் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எல்லைச் சாவடியில் மூட்டைகளைத் தடவி அரிசி இருக்கிறதா என்று பார்த்தார்கள். சட்டையெல்லாம் முள் கிழித்திருந்த என்னைப் பார்த்து என்ன காரியமாக வருகிறாய் என்று மலையாளத்தில் கேட்டார் ஒருவர். உண்மையைச் சொன்னேன்: மின்சாரக் கம்பம் பார்க்க. அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவருமாக என்னுடைய பையை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்கள். கம்பி வெட்டும் கத்தரி ஏதும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் விட்டார்கள். கல்யாண விஷயம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு எப்போதும் சரியான பதில் பஸ் கிளம்பிய பிறகுதான் தோன்றும்.

ஊர், நாகர்கோவிலுக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் இருந்தது. தாணுவ பிள்ளை பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். தனியாக அல்ல, ஒரு சிறு கூட்டத்தோடு. நல்ல உயரம், கம்பீரமான மீசை, தோளில் நேரியல். ஒரு கையால் என் பையை வாங்கிக்கொண்டு, மறு கையால் என்னைக் கூட்டத்துக்குக் காட்டினார். தினமும் மின்சார ரயிலில் போகிறவர் என்றார். எல்லாரும் மரியாதையாகப் பார்த்தார்கள். மாதச் சீட்டை எடுத்துக் காட்டலாமா என்று ஒரு கணம் எண்ணினேன்.

போகும் வழியில் தெரிந்தது, ரயில் வருவது அந்த ஊரில் முடிந்துபோன விஷயம். தகராறு ஸ்டேஷனின் பெயரைப் பற்றித்தான். ஸ்டேஷன் தாணுவ பிள்ளையின் வயலில் அமைவதால் தங்கள் ஊர்ப் பெயரைத்தான் வைக்கவேண்டும் என்று இவர்கள். கம்பம் தங்கள் எல்லைக்குள் அதிகமாக இருப்பதால் தங்கள் பெயர்தான் என்று பக்கத்து ஊர்க்காரர்கள். இரண்டு ஊருக்கும் பொதுவான குளத்து மடையில் தண்ணீர் விடுவதில் ஏற்கனவே மனஸ்தாபம். இப்போது இல்லாத ஸ்டேஷனின் இல்லாத பெயர்ப்பலகைக்காகப் பேச்சுவார்த்தையும் நின்றுவிட்டது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். சிவப்புச் சம்பா அரிசிச் சோறு. ஒவ்வொரு பருக்கையும் தனியாக ஒரு கவளம். உள்ளித் தீயல், அவியல், புளிசேரி, கடைசியில் மட்டிப் பழம். மெட்ராஸ் ஹோட்டலில் சாம்பாரில் தேங்காயைத் தேடுகிறவன் நான். இங்கே தேங்காய்க்குள் காய்கறியைத் தேட வேண்டியிருந்தது. குடிக்கச் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர். பச்சைத் தண்ணீர் கேட்டபோது, சீக்குக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

பரிமாறியவர் உமையம்மை. சிறிய உருவம். அதிகம் பேசவில்லை. தாணுவ பிள்ளை காசி யாத்திரையில் தாம்பரத்தில் கண்ட காட்சியை எனக்கு விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்; அந்த அம்மாள் அவர் சொல்வதற்கு ஒரு வார்த்தை முன்னால் உதட்டை அசைத்துக்கொண்டே சோறு போட்டார். பலமுறை கேட்ட கதை. அந்த யாத்திரையின்போது உமையம்மை பகவதியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாராம், அதனால் கூட்டிக்கொண்டு போகவில்லையாம்.

எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. இலையை மடித்ததும் எழுந்து, கம்பத்தைப் பார்த்துவிடலாம் என்றேன். தாணுவ பிள்ளை சிரித்தார். "என்ன அண்ணாச்சி வெப்பிராளம்? கம்பம் எங்கயும் ஓடிராது. கொஞ்சம் கிடந்து எந்திரிங்க" என்றார். படுத்தேன். காற்றில் ஓடு கடகடத்தது. வரும் என்று சொல்லிவிட்டு வா என்ற அக்காளின் குரலும் அதனோடு சேர்ந்து கடகடத்தது.

மறுநாள் காலை வயலுக்குப் போனோம். கன்னிப்பூப் போகத்து அறுவடை முடிந்து தாள் நின்றிருந்தது, கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. வயலுக்குக் குறுக்கே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை, ஜோடி ஜோடியாகக் கம்பங்கள். இரண்டு கால், மேலே குறுக்குச் சட்டம், அதிலிருந்து தொங்கும் பீங்கான் தட்டுகள், டீக்கடைக்காரன் கழுவி அடுக்கிய சாஸர் மாதிரி. ஊர் இதற்குக் கவட்டைக் கம்பம் என்று பெயர் வைத்திருந்தது. நிமிர்ந்து கம்பிகளை எண்ணினேன்.

மூன்று.

இன்னொரு தடவை எண்ணினேன். கம்பிகள் பிடிவாதமாக மூன்றாகவே இருந்தன. இது ரயிலின் தலைக்கு மேலே ஓடும் கம்பி அல்ல. எங்கோ போகிற மின்சாரம், இந்த ஊரை ஏறெடுத்தும் பார்க்காமல் மேலாகப் போகிறது. அதன் கீழே இருக்கிற வீடுகளில் அந்தி வேளையில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். அதைப் பற்றி யாரும் குறைப்படவில்லை. எல்லாருக்கும் வேண்டியது ரயில்.

மூன்று கம்பி ரயிலை ஓட்டாது என்று தாணுவ பிள்ளையிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் அசையவில்லை. மெட்ராஸில் ரயிலுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, ஒற்றைக் கம்பியிலேயே பிறந்து வருகிறதா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என் தடித்த புத்தகத்தில் பதில் இருந்தது; படம் இல்லாத பக்கத்தில் இருந்தபடியால் மறந்து போயிருந்தேன். ரயிலுக்கும் முதலில் மூன்று கம்பியில்தான் வருகிறது. ரயில்பாதை ஓரம் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து, அங்கே குணம் மாறி, அப்புறந்தான் ஒற்றைக் கம்பியாக வெளியே போகிறது. நேர்மையாக அதையும் சொல்லித் தொலைத்தேன்.

"அப்பம் அந்தக் கெட்டடத்துக்குப் போற கம்பியாக்கும் இது" என்றார் அவர். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் அவர் சொன்ன வெப்பிராளத்தில், பொறுமை இல்லாமல், இந்தக் கால்களுக்கு நடுவே ரயில் எப்படிப் போகும், இடம் போதாதே என்று சொல்லிவிட்டேன். ரயில் என்ன அகலம் என்று ஒருவர் கேட்டார். கையை விரித்தேன். தினமும் அதற்குள் நசுங்கிக்கொண்டு போகிறவனுக்கு அது எவ்வளவு அகலம் என்று எப்படித் தெரியும்? கையை இன்னும் விரித்தேன், கொஞ்சம் சுருக்கினேன். வைக்கோல் வண்டி அகலம் இருக்குமா என்றார் தாணுவ பிள்ளை. கூடவே இருக்கும் என்றேன்.

வைக்கோல் வண்டியையே கொண்டு வரச் சொன்னார். வண்டிப்பாதையை ஒட்டி நின்ற ஒரு கவட்டைக் கம்பத்தைத் தேர்ந்தெடுத்து, தாமே மூக்கணைமேல் ஏறி உட்கார்ந்து, மாட்டை அதட்டினார். மாடுகள் போயின. நுகத்தடி போயிற்று. வைக்கோல் போகவில்லை. இரண்டு கால்களும் இரண்டு பக்கமும் வைக்கோலைப் பிடித்துக்கொண்டன. மாடுகள் இழுக்க, வண்டி முனக, தாணுவ பிள்ளை முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் கவட்டைக்குள் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வரப்பில் நின்று, "ஸ்டேஷன் வந்துட்டு, இறங்கும் ஓய்" என்றார்.

வைக்கோலை இறக்கித்தான் வண்டியை மீட்டார்கள். திரும்பும்போது பார்த்தேன், தோப்பு ஓரத்தில் உமையம்மை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

தாணுவ பிள்ளை தோற்கிறவர் அல்ல. கம்பி எங்கே போகிறது என்று முடிவு வரை போய்ப் பார்த்துவிடுவது என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. வீட்டில் உட்கார்ந்து இன்னொரு தடவை காசிக் கதை கேட்பதைவிட நடப்பது மேல்.

மூன்றாம் நாள் கம்பியின் பின்னால் புறப்பட்டோம். வரப்பில் நடந்தோம், வாய்க்காலில் இறங்கினோம், கம்பி மட்டும் எதிலும் இறங்காமல் நேராகப் போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் சாலையும் கம்பியும் சேர்ந்துகொண்டன. கடற்கரைப் பக்கம் போகும் பஸ் ஒன்றில் ஏறினோம். நான் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிக் கம்பியைக் கண்காணித்துக்கொண்டே வந்தேன். என் பக்கத்தில் காலி மீன்கூடையோடு ஓர் அம்மாள். சந்தையில் விற்றுவிட்டுத் திரும்புகிறவள். திரேசம்மாள் என்று பெயர் சொன்னாள். காக்காய் வலிப்பா என்று என்னைப் பற்றித் தாணுவ பிள்ளையிடம் விசாரித்தாள். ரயில் கம்பி பார்க்க மெட்ராஸிலிருந்து வந்தவர் என்று அவர் கௌரவமாகச் சொன்னார்.

"ரயிலா? இதிலயா?" என்றாள் திரேசம்மாள். "நாங்க மண்ணுக் கம்பெனிக் கம்பின்னுலா சொல்லுவோம். எனக்க மவன் அங்கதான் நிக்கான்."

தாணுவ பிள்ளை அவளை வெட்டுவதுபோலப் பார்த்தார். கடற்கரைக்காரிக்கு ரயிலைப் பற்றி என்ன தெரியும் என்கிற பார்வை. அவள் அதையும் கூடையில் போட்டுக்கொண்டாள். "வண்டி வந்தா நல்லதுதான் பிள்ளே. எனக்க மீனு மெட்ராஸுக்குப் போவும். நாறிட்டுப் போவும், ஆனா போவும்" என்றாள்.

அதற்குப் பிறகு பஸ் ஒரு டயரை இழந்தது. மாற்று டயர் நாகர்கோவிலில் இருந்தது. மிச்சத் தூரத்தைத் திரேசம்மாளின் பின்னால் நடந்தோம். அந்த அம்மாள் வெறுங்காலோடு, மணலில் நாங்கள் ஒரு எட்டு வைப்பதற்குள் இரண்டு எட்டு வைத்தாள்.

கடற்கரை கறுப்பாக இருந்தது. மணலில் மையைக் கொட்டியதுபோல. தூரத்தில் முட்டத்துக் கலங்கரை விளக்கம். பெண்கள் வரிசையாகத் தலையில் கூடை வைத்து அந்தக் கறுப்பு மணலைச் சுமந்துகொண்டு போனார்கள். வரிசை போய் நுழைந்த இடம் பெரிய தகரக் கொட்டகை. நம் மூன்று கம்பிகளும் கடைசிக் கவட்டைக் கம்பத்திலிருந்து இறங்கி, அதே கொட்டகைக்குள் நுழைந்தன. நான் கொட்டகையைச் சுற்றி மறுபக்கம் போய்ப் பார்த்தேன். ஒற்றைக் கம்பி ஏதும் வெளியே வரவில்லை. மறுபக்கத்தில் கடல்தான் இருந்தது.

உள்ளே பெரிய காந்தங்கள் இருக்கின்றனவாம். மணலில் விலையுள்ளதைப் பிரித்து எடுக்குமாம். அந்தக் காந்தங்களுக்குத்தான் மின்சாரம். இதைத் திரேசம்மாள் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னாள். தாணுவ பிள்ளை கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மீசையை அதற்கு முன் இவ்வளவு சிறியதாக நான் பார்க்கவில்லை. நான்தான் சரி என்றேன். கஞ்சியும் சுட்ட சாளை மீனும் கொடுத்தாள். நடந்த பசியில் நான் ரயிலை மறந்து சாப்பிட்டேன். அவரும் சாப்பிட்டார், ஆனால் மறக்கவில்லை.

திரும்பும் வழியில் அவர் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "அவகிட்ட வரும்னு சொல்லிருங்க அண்ணாச்சி. பிள்ளை ஆசைப்பட்டுட்டா." கொஞ்ச தூரம் போன பிறகு, "ஊரு சிரிக்கது கிடக்கட்டும்" என்று சேர்த்துக்கொண்டார். அது கிடக்கவில்லை என்பது தெரிந்தது.

அக்காளும் அதையே சொன்னாள். இவரும் அதையே சொல்கிறார். சொன்னால் என்ன? இந்தியாவில் வருகிறது என்று சொல்லி வராத ரயில் எத்தனையோ. இன்னும் கொஞ்ச வருஷத்தில் ஒருவேளை நிஜமாகவே வந்துவிடக்கூடும். நான் பொய்யனாக இருக்கமாட்டேன். கொஞ்சம் முந்திக்கொண்டவனாக இருப்பேன். இப்படி எனக்கு நானே வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது பகவதி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இத்தனை நாளும் கதவின் அந்தப் பக்கத்திலிருந்து வளையல் சத்தமாக மட்டுமே தெரிந்த பெண். கடல் வரை போனீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"மாமா, அம்மைகிட்ட பொய் சொல்லிராதீங்க" என்றாள்.

உனக்காகத்தானே என்றேன்.

"ரயில் வரும்னு சொல்லி என்னைக் கெட்டிக் குடுத்தா, வராத ஒவ்வொரு வருசமும் அம்மை என்னையில்லா நோக்குவா." செம்பைக் கீழே வைத்தாள். "எனக்கு அவாளைக் கெட்டணும்தான். அதுக்காவ இப்பிடி வேண்டாம்."

போய்விட்டாள். செம்பில் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.   

மறுநாள் காலை, பஸ்ஸுக்குப் புறப்படுவதற்கு முன், கூடத்தில் உட்கார்ந்தோம். உமையம்மை தூணில் சாய்ந்து நின்றார். தாணுவ பிள்ளை என்னைக் கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: அது ரயில் கம்பி இல்லை, கடற்கரையில் மணல் பிரிக்கிற ஆலைக்குப் போகிறது, இந்த ஊருக்கு ரயில் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தவர் யாரும் இருப்பதாகவும் தெரியவில்லை.

 கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

"வைக்கோல் மாட்டிக்கிட்டப்பவே எனக்குத் தெரியும்" என்றார் உமையம்மை. "ஒரு வண்டி வைக்கோல் போகாத எடத்துல ரயிலா போவும்? நீங்க என்ன சொல்லுதியன்னு கேக்கத்தான் நிண்ணேன் அண்ணன்."

தாணுவ பிள்ளை மேலே கூரை ஓடுகளை ஆராய்ந்தார்.

பிறகு அந்த அம்மாள் என்னிடம் வேறு கேள்வி கேட்க ஆரம்பித்தார். மெட்ராஸிலிருந்து திருநெல்வேலி வரை எப்படி வந்தேன்? ரயிலில். உட்கார்ந்தா? படுத்துக்கொண்டு.

"படுத்துக்கிட்டா?"

ஆமாம், மேலே பலகை இருக்கிறது, காலை நீட்டிப் படுக்கலாம் என்றேன். காசிக்குப் போன இவர் அதைச் சொல்லவே இல்லையே என்று தாணுவ பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். கம்பத்தைப் பற்றி இத்தனை வருஷம் சொன்ன மனிதர் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்புறம் நான் வந்த பஸ்ஸைப் பற்றிக் கேட்டார். தார்ப்பாயைப் பற்றிச் சொன்னேன். முன் வரிசையில் இருந்த தாயையும் மகளையும் பற்றியும் சொன்னேன்; சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் எனக்கு வழிக்குக் கட்டிய பொட்டலம்.

"வயித்துக்காரிக்குத்தான் பஸ்ஸு ஆகாது" என்றார். "எனக்கென்ன, குலுங்கட்டு. ஏழாம் மாசம் அவ இங்க வரண்டாம். நான் அங்க போய்ப் பாத்துக்கிடுதேன்."

தாணுவ பிள்ளை துள்ளினார். தலைப்பிள்ளைப் பேறு மாப்பிள்ளை வீட்டிலா, தாய் போய்ச் சம்பந்தி வீட்டில் மாதக்கணக்கில் உட்காருவதா, ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். இந்த வம்சத்தில் நடக்காத காரியம் என்றார்.

"ஊருக்கு நீரு ஸ்டேஷன் வருதுன்னு சொன்னீருலா? அதையே சொல்லிட்டு இரும்" என்றார் உமையம்மை.

 கதவுக்குப் பின்னால் வளையல் சிணுங்கியது. என்னை வழியனுப்பப் பஸ் நிறுத்தத்துக்குத் தாணுவ பிள்ளை மட்டும் வந்தார். வழியில் பக்கத்து ஊர்க்காரர் ஸ்டேஷனுக்குப் பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டார். இவர் காது கேட்காதவர்போல நடந்தார். கவட்டைக் கம்பத்தின் கால்களில் வைக்கோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

தை மாதம் கல்யாணம். அடுத்த வருஷம், சொன்ன சொல்லின்படி, உமையம்மை தன்னந்தனியாகத் திருநெல்வேலியில் ரயிலேறி வந்து இறங்கினார். பலகையில் படுத்து வந்தீர்களா என்று கேட்டேன். படுத்தாராம், தூங்கவில்லையாம், ஊர்கள் போவதைப் பார்க்க வேண்டியிருந்ததாம். வந்த இரண்டாம் நாளே, மகளுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, உங்கள் வண்டியைக் காட்டுங்கள் அண்ணன் என்றார்.

தாம்பரத்தில் ஏறினோம். இருவருக்கும் ஜன்னல் ஓரம் கிடைத்தது. என் அனுபவத்தில் அதுவே ஓர் அதிசயம். பாதையின் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்ற கம்பங்களை அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இதற்குள் வைக்கோல் வண்டி ரெண்டு போகும் என்றார். நானும் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தேன். ஒற்றைக் கம்பி, அதைத் தாங்க மேலே இன்னொன்று. புத்தகத்தில் போட்டிருந்தது சரிதான்.

பீச் ஸ்டேஷனில் எல்லாரும் இறங்கினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. இதற்கு மேலே எங்கே போகும் என்று கேட்டார்.

இவ்வளவுதான் என்றேன். அந்தப் பக்கம் துறைமுகம், கடல்.

கடைசிக் கம்பத்தையும், அதன் அப்பால் தெரிந்த கப்பலின் புகைபோக்கியையும் பார்த்தார்.

"நம்ம ஊருக் கம்பியும் கடலுக்குத்தாலா போச்சு" என்றார். "அப்பம் அவரு சொன்னதும் அம்புட்டுப் பெரிய பொய்யில்ல."

ஊருக்குத் திரும்பியதும் அவரிடம் இதைச் சொல்வீர்களா என்று கேட்டேன்.

"சொல்லுவேனா?" என்றார் உமையம்மை.